விவேக் மறைந்த அந்த வாரம்: ஒரு தடுப்பூசி ஐயத்தின் நிகழ்வு ஆய்வு

2021 ஏப்ரல் 19, திங்கட்கிழமை. வட மாவட்டம் ஒன்றில் நான் மருத்துவ அலுவலராக இருந்த ஆரம்ப சுகாதார நிலையம். முந்தைய வாரம் இதே நேரத்துக்கு வாசல் வேப்பமரம் வரை ஆட்கள் நின்றார்கள். அன்று பதினொன்றரை மணி வரை வந்தவர்கள் ஆறு பேர். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்து டோஸ் இருக்கும். திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சியதைக் கொட்டத்தான் வேண்டும். அதனால் நர்சம்மா குப்பியை ஐ.எல்.ஆர். என்ற குளிர்ப் பெட்டியிலிருந்து எடுக்காமல், இன்னும் நாலு பேர் வரட்டும் என்று காத்திருந்தார். அரை மணி நேரம் போனது. நாலு பேர் வரவில்லை. உட்கார்ந்திருந்த ஆறு பேரில் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்டார்கள்.

அன்று மாத்திரை வாங்க வந்தவர்களில் ஒரு பெரியவர் இருந்தார். தறி நெய்பவர், அறுபதைத் தாண்டியவர். மாதம் தவறாமல் பிரஷர் மாத்திரைக்கு வருவார். நான் எழுதிக் கொடுக்கும் எதையும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொள்வார்.

"ஐயா, ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

"வேணாம் டாக்டரம்மா."

"ஏன்யா?"

"வியாழக்கிழமை போட்டாரு. சனிக்கிழமை போயிட்டாரு. டிவியில பாத்தேனே. அவருக்கே அப்படின்னா, எங்கள மாதிரி ஆளுக்கு யாரும்மா இருக்கா?"

"அதெல்லாம் வதந்தி ஐயா, நம்பாதீங்க" என்றேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. மாத்திரைப் பொட்டலத்தை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டார்.

என் பதில் தவறு. அவர் சொன்னதில் வதந்தி என்று எதுவுமே இல்லை. வியாழன் ஊசி, சனி மரணம், இரண்டும் நடந்தவை. அவர் கேட்ட கேள்விக்கு நானும் பதில் சொல்லவில்லை, அரசும் அந்த வாரத்தில் சொல்லவில்லை. நடிகர் விவேக்கின் மரணத்தைச் சுற்றி எழுந்த நம்பிக்கையை ஒரு கேஸாக எடுத்து எழுத இதுதான் காரணம்.

நடந்தது என்ன

2021 ஜனவரி 16 அன்று சுகாதாரப் பணியாளர்களுக்கு கோவிட் தடுப்பூசி தொடங்கியது. மார்ச் 1 முதல் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், இணைநோய் உள்ள 45 வயதினருக்கும் திறக்கப்பட்டது. ஏப்ரல் 1 முதல் 45 வயதான எல்லோரும் போட்டுக்கொள்ளலாம் என்றானது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தல் முடிந்திருந்தது, இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தது, ஊசிக்கு வருகிறவர்கள் போதவில்லை.

விவேக்குக்கு அப்போது 59 வயது. ஏப்ரல் 15, வியாழக்கிழமை, சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு வந்து கோவாக்சின் போட்டுக்கொண்டார். தனியாரில் போட்டுக்கொள்ள வசதி இருந்தும் அரசு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தார். செய்தியாளர்களிடம் தடுப்பூசி பாதுகாப்பானது, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். மறுநாள் காலை வீட்டில் மயங்கினார். வடபழனியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இதயத்தின் இடது முன்பக்க ரத்தக் குழாயில் நூறு சதவீத அடைப்பு. ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைத்தார்கள், இதயத்தின், நுரையீரலின் வேலையை வெளியிலிருந்து செய்யும் எக்மோ கருவியில் இணைத்தார்கள். ஏப்ரல் 17 அதிகாலை 4.35 மணிக்கு உயிர் பிரிந்தது. காவல்துறை மரியாதையுடன் உடல் தகனம் செய்யப்பட்டது.

இறந்தவர் யார் என்பது இந்த கேஸில் முக்கியம். மூடநம்பிக்கைகளைச் சிரிக்க வைத்தே உரித்துக் காட்டிய மனிதர். அப்துல் கலாமின் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக மரம் நட்டவர். தமிழ் வீடுகளில் அவர் சொன்னால் கேட்பார்கள். அந்த நம்பகத்தன்மையைத்தான் அவர் வியாழக்கிழமை தடுப்பூசிக்குக் கடனாகக் கொடுத்தார். சனிக்கிழமை அதே நம்பகத்தன்மை ஊசிக்கு எதிரான சாட்சியாக மாறிப்போனது. இதை எழுதும்போதும் எனக்கு மனம் கனக்கிறது.

உலகச் செய்தியும் அதே வாரம்

பலரும் மறந்துவிட்ட ஒன்று உண்டு. ஏப்ரல் 7 அன்று ஐரோப்பிய மருந்து முகமை, ஆஸ்ட்ராசெனெகா தடுப்பூசிக்கும் மிக அரிதான ஒருவகை ரத்த உறைவுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அறிவித்தது. ஏப்ரல் 13 அன்று அமெரிக்கா, ஜான்சன் அண்டு ஜான்சன் ஊசியை அதே வகைக் காரணத்துக்காகத் தற்காலிகமாக நிறுத்தியது. தமிழ்ச் செய்திச் சேனல்கள் இரண்டையும் காட்டின. "ஊசி போட்டா ரத்தம் உறையுதாம்" என்று வீட்டுக்கு வீடு பேச்சு. அப்படியிருக்க, ஏப்ரல் 16 அன்று "ரத்தக் குழாயில் அடைப்பு" என்ற வார்த்தை டிவியில் ஓடியது. இரண்டையும் இணைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இணைப்பு தவறுதான். ஆஸ்ட்ராசெனெகா, இங்கே கோவிஷீல்டு, கொரோனாவின் மரபுக் குறிப்பைத் தூக்கிச் செல்லும் வாகனமாக, உருமாற்றிய அடினோ வைரஸ் என்ற வேறொரு வைரஸைப் பயன்படுத்தும் ஊசி. கோவாக்சின் கொல்லப்பட்ட முழு கொரோனா வைரஸ், செயலிழக்கச் செய்த போலியோ ஊசியைப் போலப் பழைய முறையில் செய்யப்பட்டது. ஐரோப்பாவில் கண்ட உறைவு பெரும்பாலும் மூளை, வயிற்றுச் சிரைகளில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்த நிலையில், ஊசி போட்டுச் சில நாட்கள் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் வந்தது. விவேக்குக்கு இருந்தது இதயத் தமனியில் அடைப்பு. அந்த அடைப்பின் அடித்தளமான கொழுப்புப் படிவு ஒரே ராத்திரியில் வருவதில்லை. ஆண்டுக்கணக்கில் குழாயின் உட்சுவரில் சேர்கிறது. ஒருநாள் அந்தப் படிவின் மேல்மூடி கிழிகிறது, கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அதுவரை ஆள் நடப்பார், சிரிப்பார், மரம் நடுவார்.

எங்கள் நிலையத்தில் இருந்தது கோவிஷீல்டு, விவேக் போட்டுக்கொண்டது கோவாக்சின். இருந்தும் வராமல் போனவர்களில் ஒருவர்கூட எந்த ஊசி என்று கேட்கவில்லை. மக்கள் மனத்தில் "ஊசி" என்பது ஒன்றே ஒன்றுதான். பெயர் வேறுபாட்டை விளக்கிக் கூட்டம் சேர்த்துவிடலாம் என்று மேலிடத்திலிருந்து வந்த துண்டுப் பிரசுரம் எங்களுக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

அவசரமான மறுப்பு, தாமதமான விளக்கம்

விவேக் மயங்கிய அதே வெள்ளிக்கிழமையே மருத்துவமனையும் சுகாதாரத்துறைச் செயலாளரும் மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்ற ரீதியில் பேசிவிட்டார்கள். மருத்துவ ரீதியாக அவர்கள் சொன்னது பின்னால் சரி என்றே ஆனது. ஆனால் கேட்டவர்களுக்கு அது எப்படிப் பட்டது? ஆள் இன்னும் எக்மோவில் இருக்கிறார், விசாரணை தொடங்கவே இல்லை, அதற்குள் முடிவு வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் நகை காணாமல் போய், நீங்கள் கேட்பதற்கு முன்பே ஒருவர் வந்து "நான் எடுக்கவில்லை" என்று சொன்னால் உங்களுக்கு என்ன தோன்றும்?

இன்னொரு பக்கம், முறைப்படியான விசாரணை மெதுவாகப் போனது. தடுப்பூசிக்குப் பிறகு நேரும் கடுமையான பாதிப்பு ஒவ்வொன்றையும் மாவட்டக் குழு, மாநிலக் குழு, தேசியக் குழு என்று படிப்படியாகப் பார்ப்பார்கள். பாதிப்புக்கு வேறு வலுவான காரணம் உண்டா, இந்த ஊசி இத்தகைய பாதிப்பை உண்டாக்கும் என்று முன்பே அறியப்பட்டிருக்கிறதா, கால இடைவெளி பொருந்துகிறதா என்று ஒரு வரிசையில் கேள்விகள். உலக சுகாதார அமைப்பு வகுத்த முறை அது. விவேக் விஷயத்தில் தேசிய மனித உரிமை ஆணையம் வரை புகார் போனது. 2021 அக்டோபரில்தான் தேசியக் குழுவின் முடிவு வெளியே தெரிந்தது: ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை, தற்செயலாக அடுத்தடுத்து நிகழ்ந்தவை.

ஆறு மாதம். ஏப்ரலில் கேட்ட கேள்விக்கு அக்டோபரில் பதில். அந்தச் செய்தி சில பத்திரிகைகளில் வந்தது, போனது. ஏப்ரல் 17 அன்று நாள் முழுக்க ஓடிய நேரலைக்கு முன்னால் அது எந்த மூலைக்கு?

வெள்ளிக்கிழமையே "தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை, முழுமையாக விசாரிக்கிறோம், இத்தனை நாளில் இன்ன குழு அறிக்கை தரும், அதை அப்படியே உங்கள் முன் வைப்போம்" என்று சொல்லி, சொன்ன நாளில் வைத்திருந்தால் எங்கள் மேசை காலியாகியிருக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெரியவரிடம் சொல்ல என் கையில் ஏதாவது இருந்திருக்கும்.

அதே ஆண்டு ஜூன் மாதம் தேசியக் குழு ஒரு நல்ல காரியம் செய்தது. 31 கேஸ்களை ஆராய்ந்து, மார்ச் 8 அன்று ஊசி போட்டுக்கொண்ட 68 வயது ஆண் ஒருவரின் மரணம் ஊசியால் வந்த கடும் ஒவ்வாமையால்தான் என்று ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தி வந்த நாளில், இனி யாருமே வரமாட்டார்கள் என்று என் சக மருத்துவர்கள் பலர் பயந்தார்கள். நான் அதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். "ஊசியால ஒருத்தர் செத்தா அதை மறைக்காம சொல்றாங்க பாருங்க, அதனாலதான் எல்லாரையும் அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம்" என்று காட்ட முடிந்தது. எத்தனையோ "நூறு சதவீதம் பாதுகாப்பு" போஸ்டர்கள் செய்யாததை அந்த ஒரு தாள் செய்தது.

சொல்லாமல் விட்ட கணக்கு

45 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்குப் பதினைந்து பேர் ஏதோ ஒரு காரணத்தால் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் பேரில் அது 15,000. நாளொன்றுக்கு 41 பேர். அந்தப் பத்து லட்சம் பேருக்கும் ஒரே நாளில் வெறும் உப்புத் தண்ணீரை ஊசியாகப் போட்டாலும், அடுத்த இரண்டு நாளில் எண்பது பேருக்கு மேல் இறந்திருப்பார்கள். அந்த எண்பது வீட்டிலும் "ஊசி போட்டார், போய்விட்டார்" என்ற வாக்கியம் உண்மையாகவே இருக்கும்.

ஆகவே ஒரு மரணத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. எதிர்பார்க்கும் எண்ணிக்கையை விட ஊசிக்குப் பிறகு கூடுதலாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் அந்த அரிய உறைவைக் கண்டுபிடித்ததே இந்த வழியில்தான். இளம் வயதினருக்குத் தட்டணு குறைந்து மூளைச் சிரையில் உறைவு என்பது சாதாரணமாக அநேகமாகக் காண முடியாத ஒன்று. அது சில பேருக்கு வந்தபோதே மணி அடித்துவிட்டது. 59 வயது ஆணுக்கு மாரடைப்பு அப்படியில்லை. அது நம் ஒவ்வொரு தெருவிலும் நடக்கிறது. ஒரு ஊசியைக் குற்றவாளி என்று காட்டிய அதே முறைதான் இன்னொரு ஊசியை விடுவித்தது. இதை யாரும் அன்று டிவியில் நிதானமாகச் சொல்லவில்லை.

மாத்திரையை நம்பும் பெரியவர் ஊசியை ஏன் நம்பவில்லை என்பதும் இங்கேதான் பிடிபட்டது. மாத்திரை நோயாளிக்கு. அவர் இறந்தால் நோய் கொன்றது என்போம். ஊசி நன்றாக இருக்கிறவருக்கு. அவருக்கு எது நடந்தாலும் கை காட்ட வேறு ஆள் இல்லை.

ஐயம் புதிதல்ல

"படிக்காத ஜனங்க, சொன்னாப் புரியாது" என்று அலுத்துக்கொள்ளும் அதிகாரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதேயில்லை. 1955-இல் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியைப் பெருந்திரளாகப் போடுவதை எதிர்த்துத் தீவிரமாகப் பிரசாரம் செய்தவர் ராஜாஜி, அதற்கு முந்தைய ஆண்டு வரை சென்னை மாநிலத்தின் முதலமைச்சர். அந்த மருந்து கிண்டியிலேயே தயாரானது. அவர் அஞ்சிய பெருந்தீங்கு நிகழவில்லை. ஆனால் 1968-இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காப்பதற்காக இன்றும் போடுகிறோம். ஐயப்படுகிறவர் முழுத் தவறாகவும், ஊசி போடுகிறவர் முழுச் சரியாகவும் எப்போதும் இருந்ததில்லை.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு ஊருக்குள் போட்டுவந்த ஊசியை மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றியது அரசு. என் நர்சம்மாவுக்கு அப்போது புது வேலை. ஒவ்வொரு முறை குப்பியைக் கையில் எடுக்கும்போதும் லேபிளை வாய்விட்டு இரண்டு முறை படிக்கும் பழக்கம் அவருக்கு அன்றிலிருந்து வந்தது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வழியாகப் பயம் பரவி, பள்ளி வாசலிலேயே பெற்றோர்கள் பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிப் போனார்கள்.

கோவாக்சினிலும் சந்தேகத்துக்கு இடம் கொடுத்தவர்கள் மக்கள் அல்லர். மூன்றாம் கட்டச் சோதனையின் செயல்திறன் முடிவு வருவதற்கு முன்பே, 2021 ஜனவரி 3 அன்று அவசர அனுமதி தந்தார்கள். பின்னால் வந்த முடிவு 77.8 சதவீதம், நல்ல முடிவுதான். ஆனால் "சோதனை முடியாத ஊசி" என்று ஜனவரியில் விழுந்த பெயர் ஏப்ரலில் காத்துக்கொண்டிருந்தது.

கேள்வி சதியாக மாறும் இடம்

ஏப்ரல் கடைசியில் எங்கள் பகுதியில் ஒரு ஆடியோ சுற்றியது. அழுத்தம் திருத்தமான ஆண் குரல். விவேக்கின் பெயரில் தொடங்கி, "அரசாங்கத்துக்கு எல்லாம் தெரியும், மறைக்கிறார்கள்" என்று போய், "மக்கள்தொகையைக் குறைக்கத்தான் இந்த ஊசியே" என்று முடிந்தது. நான்கு நிமிடத்துக்குள் ஒரு துக்கம் சந்தேகமாகி, சந்தேகம் சதியாகிவிட்டது.

தறிக்காரப் பெரியவர் கேட்டதும் இந்த ஆடியோவும் ஒன்றல்ல. அவருடையது கேள்வி, பதில் வந்தால் மூடிக்கொள்ளும். ஆடியோவுக்குப் பதிலே கிடையாது. அறிக்கை வராவிட்டால் மறைக்கிறார்கள், வந்தால் விலைக்கு வாங்கிவிட்டார்கள். ஒரு மரணத்தை ஒப்புக்கொண்டால் பார்த்தாயா என்பார்கள், ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பார்த்தாயா என்பார்கள். கேள்வி கேட்டவரையும் சதி சொன்னவரையும் ஒரே கூடையில் போட்டு "வதந்தி" என்று மூடி வைத்ததால், முதல் ஆளை நாமே இரண்டாவது ஆளிடம் அனுப்பி வைத்தோம். ஏப்ரல் 19 அன்று நான் செய்தது அதுதான்.

2024-இல் ஆஸ்ட்ராசெனெகா நிறுவனம் பிரிட்டன் நீதிமன்றத்தில், தன் ஊசி மிக அரிதாக அந்த உறைவை உண்டாக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்ட செய்தி வந்தபோது, என் சொந்தக்காரர்கள் குழுவில் பொறியாளரான என் அண்ணன் விவேக் படத்தைப் போட்டு "அப்பவே சொன்னோமே" என்று எழுதினார். விவேக் போட்டுக்கொண்டது வேறு ஊசி, இந்த உறைவும் 2021-லேயே அறிவிக்கப்பட்டதுதான் என்று எழுதினேன். "சரி பாப்பா" என்று ஒரு வரி வந்தது. படத்தை நீக்கவில்லை.

மே மாதத்துக்குப் பிறகு

மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கு மேல் தொற்று. ஆக்சிஜன் படுக்கைக்கு ஆம்புலன்சுகள் வரிசையில் நின்றன. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு சாவு விழுந்தது. ஜூனில் விடியற்காலை நான்கு மணிக்கே டோக்கனுக்கு ஆள் வந்தது, இப்போது ஊசிதான் இல்லை. மனம் மாறிவிட்டது என்று அப்போது எழுதினார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஊசியைப் பற்றிய பயம் அப்படியே இருந்தது, அதைவிடப் பெரிய பயம் ஒன்று முன்னால் வந்து நின்றது, அவ்வளவுதான். பெரியவர் ஜூன் நடுவில் வந்தார். மச்சான் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. "ஊசியில ஏதோ இருக்குதுன்னுதான் இன்னமும் நெனைக்கறேன் டாக்டரம்மா. இருந்தாலும் போட்டுடுங்க" என்று கையை நீட்டினார்.

செப்டம்பர் 12 அன்று மாநிலம் முழுக்க நடந்த முதல் மாபெரும் முகாமில் இருபது லட்சம் இலக்கு வைத்து 28.91 லட்சம் பேருக்குப் போட்டோம். அவருக்கு அன்று இரண்டாவது டோஸ். போட்டு முடித்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவர் என் மேசைக்கு வந்தார்.

"டாக்டரம்மா, தப்பா நெனைக்காதீங்க. விவேக்குக்கு என்னதான்மா ஆச்சு?"

இந்த முறை வதந்தி என்று சொல்லவில்லை. ஓ.பி. சீட்டைத் திருப்பி இதயத்தை வரைந்தேன். முன்பக்கம் இறங்கும் குழாயை வரைந்து, உள்ளே கொழுப்பு படிவதைப் புள்ளி புள்ளியாக வைத்தேன். எத்தனை வருஷமாகச் சேர்கிறது, எப்படிக் கிழிகிறது, எங்கே அடைக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எந்தெந்த ஊசி எதைச் செய்யக்கூடும், எதைச் செய்யாது என்பதையும் சொன்னேன். ஜூன் மாத அறிக்கையைக் காட்டினேன். விவேக் கேஸில் குழுவின் முடிவு இன்னும் எங்களுக்கு வரவில்லை, வந்ததும் சொல்கிறேன் என்றேன். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது.

சீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தக் குழாயின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"பிரஷர் இருக்கறவங்களுக்கும் இப்படி அடைக்குமா?"

"அடைக்கலாம் ஐயா."

"அப்ப எனக்கு ஒரு தடவை பாத்துடுங்களேன்."

ஈ.சி.ஜி. எடுக்க எழுதிக் கொடுத்தேன்.